மீட்டர் ஓடாத கார்

ஆங்கிலத்தில் அச்சடித்த எந்தக் காகிதம் வந்தாலும் எங்கள் குடும்பத்தில் அது கடைசியில் என் கைக்குத்தான் வரும். வங்கிக் கடிதம், பம்புசெட் மோட்டாரோடு வரும் விளக்கப் புத்தகம், ராணுவத்தில் இருந்த சித்தப்பா மகனின் பென்ஷன் உத்தரவு என்று எதுவானாலும் என்னைத் தேடி வரும். நான் திண்டிவனம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளனாக வேலை பார்த்தேன். தமிழில் எழுதிய பத்திரங்களையும் வாக்குமூலங்களையும் ஆங்கிலமாக்கித் தருவது என் உத்தியோகம். ஒரு சொல்லுக்குள் எத்தனை வழி இருக்கிறது, எந்த வழியாக வக்கீல் வெளியே வருவார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் நடுவில் என் தங்கையின் கணவர் புதுக் கார் எடுத்தார். அதோடு வந்த வாரண்டிக் காகிதமும் என்னிடம் வந்தது. அதை நான் படித்துச் சொன்ன விதத்தால் ஒரு மனிதர் தலைகுனிந்து வாழ்ந்து போய்ச் சேர்ந்தார். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு இனி வயதில்லை.

அவர் விழுப்புரத்தில் வாடகைக் கார் ஓட்டினார். ரயில்வே ஜங்ஷனுக்கு வெளியே இருக்கும் ஸ்டாண்டில் யாருடைய வண்டிக்காவது டிரைவராக இருப்பார். தூரத்து உறவுதான். ஆனால் சொந்த நிலம் இல்லாத குடும்பம். பெருமுக்கல் பக்கம் எங்களுக்கு மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையும் கேப்பையும் விளைகிற நிலம் இருந்தது, கிணறு இருந்தது. தங்கை விழுப்புரத்தில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தபோது அவரைப் பார்த்துப் பிடித்துப்போய், இவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றாள். அப்பா கட்டிக் கொடுத்தார். அவரை மருமகன் என்று மனதில் ஏற்றுக்கொள்ளவில்லை.

இதை அப்பா வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் வெளியூரிலிருந்து வண்டி ஓட்டி வந்தவர்கள் கடைசிப் பந்தியில், சமையல்காரர்களோடும் மேளக்காரர்களோடும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வீட்டு மாப்பிள்ளைகளுக்கு முதல் பந்தியில் இலை போடுவார்கள். முதல் பந்திக்குக் கூப்பிடும் நேரம் பார்த்து அப்பா யாருடைய வண்டிச் சாவியையாவது வாங்கி இவர் கையில் கொடுப்பார். "மாப்பிள்ளை, ஸ்டேசன்ல நம்ம சம்பந்தி வூட்டு ஆளுங்க எறங்கிக்கினு இருப்பாங்க. ஜல்தியா போய் இட்டாந்துடுங்க." மரியாதையாகத்தான் சொல்வார். இவர் போய்த் திரும்பி வரும்போது முதல் பந்தி எழுந்திருக்கும். பிறகு இவர் டிரைவர்களோடு உட்காருவார். முதல் பந்தியில் பக்கத்து இலை காலியாக இருக்க என் தங்கை சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பதை நான் பல கல்யாணங்களில் பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் அவர் சொந்தக் கார் வாங்கினார். வாடகை ஓட்டிச் சம்பாதிக்க என்றுதான் ஊரில் சொன்னார். தங்கையிடம் வேறு மாதிரி சொல்லியிருக்கிறார். "ஒரு தடவ, ஒரே தடவ, உன் பக்கத்துல உக்காந்து மொத பந்தியில சாப்டணும்." இதைத் தங்கை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். சொல்லும்போது அவள் கண் சிரிக்கவில்லை.

புதுச்சேரியில் ஓர் ஏஜென்சியில் டீசல் கார். வங்கிக் கடன். அந்த ஏஜென்சிக்காரர்கள் வியாபாரத்துக்காக, கம்பெனி கொடுக்கும் வாரண்டிக்கு மேல் தங்கள் பொறுப்பில் கூடுதல் வாரண்டி ஒன்றும் கொடுத்தார்கள். அப்போது அது புதிது. ஸ்டாண்டில் யாரும் கேள்விப்படாதது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மயிலத்துக்குப் போய் வண்டிக்குப் பூஜை போட்டுவிட்டு, நெற்றியில் விபூதியோடு நேராகத் திண்டிவனத்தில் என் வீட்டுக்கு வந்தார். தங்கை வரவில்லை. நாங்கள் இரண்டு பேர்தான். காரின் முன் மூடி மேல் காகிதத்தை விரித்து வைத்துப் படித்தேன். மூடி இன்னும் சூடாக இருந்தது. புதுப் பெயிண்டும் எலுமிச்சம்பழமும் கலந்த வாசனை.

அதில் இருந்ததை இன்றும் என்னால் சொல்ல முடியும். எஞ்சினுக்குள் இருக்கும் பிஸ்டன், வால்வு, கிராங்க், பேரிங் இவற்றில் தயாரிப்புக் குறையால் பழுது வந்தால் இலவசமாக மாற்றித் தருவார்கள். பெல்ட், ஹோஸ், ஃபில்டர் போலத் தேய்ந்து போகிற சாமான்கள் சேராது. தண்ணீர் இல்லாமல் சூடேறிப் பழுதானால் சேராது. எண்ணெய் கவனிக்காமல் பழுதானால் சேராது. ஏஜென்சிக்காரர் தவிர வேறு யார் எஞ்சினில் கை வைத்திருந்தாலும் சேராது, எண்ணெய் மாற்றுவதும் அதில் அடக்கம். குறிப்பிட்ட கிலோமீட்டரில் கூப்பன் கொடுத்து அவர்களிடமே சர்வீஸ் செய்திருக்க வேண்டும். ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் மீட்டரின் கேபிளுக்குப் போட்டிருக்கும் ஈயச் சீல் உடைந்திருக்கக் கூடாது.

எஞ்சின் போனால் கொடுப்போம் என்று அந்தக் காகிதம் எங்கேயும் சொல்லவில்லை. நாங்கள் செய்ததில் தப்பிருந்தால் நாங்கள் பொறுப்பு, நீங்கள் ஓட்டியதில் தப்பிருந்தால் நீங்கள் பொறுப்பு. அவ்வளவுதான் அதன் சாரம். இந்த வித்தியாசம் எனக்கு நன்றாகத் தெரியும், தினமும் கோர்ட்டில் பார்க்கிற வித்தியாசம். ஆனால் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எஞ்சின் போச்சுன்னா குடுப்பானா மச்சான்?"

"குடுப்பான். ரெண்டு வருசத்துக்கு எஞ்சினப் பத்திக் கவலையே வேணாம்."

அவர் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்க எனக்கும் நன்றாக இருந்தது. அடுத்த வரியைப் படித்தேன். இரண்டு வருடம் அல்லது முப்பதாயிரம் கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. அவர் முகம் சுருங்கிவிட்டது. வாடகை வண்டிக்கு அது சில மாத ஓட்டம். கல்யாண மாதம் வந்தால் இன்னும் சீக்கிரம் முடிந்துவிடும்.

அப்போது நான் சொன்னேன். "மீட்டர் ஓடினாத்தானே மாப்ள கிலோமீட்டரு?"

அவர் முதலில் சிரித்தார். ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரிந்த வேலைதான் அது. டாஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு நட்டைத் திருகினால் கேபிள் கழன்றுகொள்ளும். வண்டி ஓடும், மீட்டர் நிற்கும். முதலாளிக்குத் தெரியாமல் ஒரு சவாரி அடிக்க டிரைவர்கள் செய்வார்கள். அவரும் செய்திருக்கிறார். அதையே சொன்னார்.

"அது மொதலாளி வண்டியில செய்றது மச்சான். சொந்த வண்டியில எவனாவது செய்வானா? என் மீட்டர நானே ஏமாத்தணுமா?"

நான் விட்டிருக்கலாம். ஆனால் எனக்கு அந்தக் காகிதத்தில் ஓர் ஓட்டை கிடைத்துவிட்டது. சீல் இருப்பது கியர்பாக்ஸ் பக்கம். அவர் கழற்றப் போவது மீட்டர் பக்கம். சீல் உடையக் கூடாது என்றுதான் எழுதியிருக்கிறதே தவிர, கேபிள் கழலக் கூடாது என்று எழுதவில்லை. இதை அவருக்கு விரலை வைத்துக் காட்டினேன். காட்டும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. ஒரு பெரிய வக்கீல் எழுதியதில் திண்டிவனம் கோர்ட் குமாஸ்தா வழி கண்டுபிடித்துவிட்டான் என்ற சந்தோஷம் அது.

"படிச்சவங்க மூளையே தனி மச்சான்" என்றார் அவர். காகிதத்தை மடித்து சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, பையைத் தட்டிக்கொண்டார்.

அடுத்த சில மாதங்கள் அவர் வாழ்க்கையில் நல்ல மாதங்கள். வண்டி ஒரு நாளும் சும்மா நிற்கவில்லை. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு நோயாளிகள், செஞ்சிக்குப் பெண் பார்க்கப் போகிறவர்கள், சென்னைக்கு விமானம் ஏறப் போகிறவர்கள். ஊருக்கு வெளியே போகும்போது கேபிளைக் கழற்றிவிடுவார், திரும்பி வந்து ஊருக்குள் ஓட்டும்போது மாட்டுவார். ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் கேலி பண்ணினார்கள். "வூட்ல பொண்டாட்டிக்குத்தான் வயசு ஏறாதும்பாங்க. ஒனக்கு வண்டிக்கே ஏறாது போலக்கீதே." அவர் அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஒரு முறை நானும் அவரோடு விக்கிரவாண்டி வரை போனேன். வண்டி பறந்தது. முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. அதைப் பார்த்து இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துப் பையன்கள் மாதிரி சிரித்தோம்.

கல்யாண மாதங்கள் வந்தன. ஒரு நாள் மத்தியானம் அவர் கோர்ட் வளாகத்துக்கு வந்து வேப்பமரத்தடியில் காத்திருந்தார். நான் சாப்பாட்டு இடைவேளையில் வெளியே வந்தேன். அவர் கையில் ஒரு செய்தித்தாள் துண்டு இருந்தது. அதில் எஞ்சின் எண்ணெயைத் தடவிக் கொண்டு வந்திருந்தார். தார் மாதிரி இருந்தது. விரலால் தேய்த்துக் காட்டினார், நெறநெறவென்றது.

"எண்ண கெட்டுப்போச்சு மச்சான். மாத்தணும். மாத்தட்டுமா?"

எங்கே மாற்றப் போகிறீர்கள் என்று கேட்டேன். ஏஜென்சிக்குப் போனால் மீட்டரைப் பார்ப்பார்கள். அடுத்த கூப்பனுக்கு மீட்டர் இன்னும் பாதிகூட வரவில்லை. இவ்வளவு சீக்கிரம் எண்ணெய் எப்படிக் கறுத்தது என்று கேட்பார்கள். விழுப்புரத்திலேயே தெரிந்த பட்டறையில் மாற்றிக்கொள்ளலாம் என்றார் அவர், அரை மணி நேர வேலை. அங்கே மாற்றினால் மற்றவர் கை வைத்ததாகிவிடும், வாரண்டி அன்றே போய்விடும் என்றேன் நான்.

"அப்ப இன்னா பண்றது?"

"மீட்டர் அந்தக் கூப்பனுக்கு வர்ற வரைக்கும் பொறுங்க. இல்லன்னா கொஞ்ச நாள் கேபிள மாட்டியே ஓட்டுங்க, சீக்கிரம் வந்துடும்."

அவர் அந்தக் காகிதத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வண்டி கெட்டுடுமே மச்சான்" என்றார்.

"கெட்டாத்தான் அவன் குடுப்பானே" என்றேன்.

நான் அவரைவிட அதிகம் படித்தவன். எஞ்சினைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் நூற்றில் ஒரு பங்குகூட எனக்குத் தெரியாது. ஆனாலும் அவர் தன் விரலில் தெரிந்ததை விட்டுவிட்டு என் பேச்சைக் கேட்டார். அதற்காக நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் குடும்பத்தில் அவரை மதித்துப் பேசிய ஒரே ஆள் நான்தான். அந்த மதிப்புக்காகத்தான் அவர் என்னை நம்பினார்.

அந்தப் பருவத்தின் கடைசி முகூர்த்தம் கண்டாச்சிபுரத்தில், அத்தை மகள் வீட்டுக் கல்யாணம். அப்பாவுக்கு முழங்கால் வலி, பஸ்ஸில் போக முடியாது. தங்கை அப்பாவிடம் பேசி, மாப்பிள்ளையின் வண்டியில் போகலாம் என்று சம்மதிக்க வைத்துவிட்டாள். அவள் எப்படிச் சம்மதிக்க வைத்தாள் என்று எனக்குத் தெரியாது. அவர் முதல் நாளே வண்டியைக் கழுவித் துடைத்து, ஸீட்டுக்கு வெள்ளைத் துணி போட்டுக் கொண்டு வந்தார். அப்பா முன்ஸீட்டில் உட்கார்ந்தார். பின்னால் நானும் தங்கையும். புது வேட்டி கட்டி வண்டி ஓட்டிய டிரைவரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். இன்றைக்கு யாரும் அவர் கையில் சாவி கொடுக்க முடியாது. சாவி அவருடையது.

விழுப்புரம் தாண்டி மேற்கே திரும்பியதும் எஞ்சினில் ஒரு தட்டல் கேட்டது. மெல்ல, யாரோ உள்ளே இருந்து கதவைத் தட்டுவது மாதிரி. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு மினுக்கியது. அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். தட்டல் பெரிதானது. ஓர் ஏரிக்கரை ஏற்றத்தில் உள்ளே எதுவோ உடைந்த சத்தம் கேட்டு வண்டி அப்படியே இறுகி நின்றுவிட்டது. மூடியைத் திறந்தபோது தீய்ந்த வாசனை. அவர் உள்ளே எதையும் தொடவில்லை. மற்றவர் கை படக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். அந்த நிலைமையிலும் அதை ஞாபகம் வைத்துக்கொண்டு, தன் கையையே பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

அப்பா இறங்கி வரப்பில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து ஒரு டவுன் பஸ் வந்தது. அப்பா ஏறும்போது அவரைத் திரும்பிப் பார்த்து, "நீங்க வண்டியப் பாத்துக்கினு இருங்க மாப்பிள்ளை. சாப்பாடு குடுத்தனுப்பறோம்" என்றார். நாங்கள் மூன்று பேரும் போனோம். அவர் வண்டியோடு நின்றார். நாங்கள் போகும்போது முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது.

வண்டியை லாரியில் கட்டி இழுத்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். ஆய்வு செய்ய வெளியூரிலிருந்து ஓர் என்ஜினியர் வரவேண்டும் என்று ஏஜென்சியில் சொன்னார்கள். அவர் வருகிற அன்று நானும் லீவு போட்டுப் போனேன், பேச்சுக்கு உதவியாக. தங்கையும் வந்தாள். அதுவரைக்கும் அவள் பயப்படவில்லை. "அண்ணன் பேப்பர் பாத்து சொல்லிக்கீது, குடுத்துடுவாங்க" என்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாளிடம் அவளாகவே சொல்லிக்கொண்டு வந்தாள்.

என்ஜினியர் வடக்கத்திக்காரர், தமிழ் வராது. கெட்டவர் இல்லை. அவர் எஞ்சினைத் திறக்கவே வெகுநேரம் எடுத்துக்கொண்டார். முதலில் மீட்டரைப் பார்த்தார். பிறகு டயர்களைப் பார்த்தார், பிரேக் பெடலின் ரப்பரைப் பார்த்தார். பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. அவர் டாஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டு விளக்கடித்துப் பார்த்தார். கேபிள் நட்டின் மரை அடிக்கடி திருகியதில் பளபளத்துக்கொண்டிருந்தது. சீல் உடையவில்லை. அதை அவர் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் எண்ணெயை இறக்கச் சொன்னார். அது இறங்கவில்லை, களிம்பு மாதிரி தொங்கியது.

அவர் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். பேரிங் எண்ணெய் இல்லாமல் எரிந்திருக்கிறது. கிராங்க் இறுகிவிட்டது. தயாரிப்பில் எந்தக் குறையும் இல்லை. மீட்டர் காட்டுவதைப் போலப் பல மடங்கு வண்டி ஓடியிருக்கிறது. அந்த ஓட்டத்துக்கு எண்ணெய் மாற்றவே இல்லை. வாரண்டியில் இது வராது. பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார், கோபமில்லாமல். இந்தக் கேபிளைக் கழற்றியது யார், ஏன்?

நான் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் தங்கை தன் கணவர் பக்கம் திரும்பினாள்.

"இன்னா சொல்றாங்க? நீங்களா கழட்டுனீங்க? யாரு கழட்டச் சொன்னது?"

அவர் என்னைப் பார்த்தார். நான் பேசுவேன் என்றுதான் பார்த்தார். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் என்ன செய்தேன்? அரசாங்க உத்தியோகம், மீட்டரைத் திருத்தச் சொன்ன கோர்ட் ஊழியன் என்று யாராவது எழுதிப் போட்டால் என்னாகும் என்று அந்த நேரத்தில் எண்ணிப் பார்த்தேன். உண்மையில் அதுகூடக் காரணம் இல்லை. என் தங்கை என்னை எப்போதும் பார்க்கிற பார்வை ஒன்று உண்டு. அது மாறிவிடும் என்று பயந்தேன். நான் தரையில் சொட்டியிருந்த எண்ணெயைப் பார்த்தேன்.

அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு சொன்னார்.

"யாரும் சொல்லல. நாந்தான். பழக்கதோசம்."

என்ஜினியர் என்னைப் பார்த்தார், அவர் என்ன சொன்னார் என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். பிழையில்லாத ஆங்கிலத்தில், எந்தச் சொல்லும் தடுக்காமல் மொழிபெயர்த்தேன். என் வாழ்க்கையில் எத்தனையோ பொய்ச் சாட்சியங்களை ஆங்கிலமாக்கியிருக்கிறேன். பொய் என்று தெரிந்தே, எனக்காகச் சொன்ன பொய்யை ஆங்கிலமாக்கியது அது ஒன்றுதான்.

தங்கை அழவில்லை. "சொந்த வண்டியிலயுமா?" என்று மட்டும் கேட்டாள்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் சீக்கிரம் நடந்தது. புது எஞ்சின் போட வழியில்லை. வண்டி வங்கிக்குப் போனது. அவர் ஒரு லாரிக்கு டிரைவராகப் போனார், ஸ்டாண்டுக்குத் திரும்பிப் போக அவருக்கு முகமில்லை. அப்பா இதைக் கேள்விப்பட்டபோது, "டிரைவரு புத்தி எங்க போவும்" என்றார். அதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் முறை பேசாமலிருப்பது முதல் முறையைவிட எளிது. அதற்கப்புறம் பழகிப்போனது.

ஒரு முறை திண்டிவனம் பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். மெலிந்திருந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். நான் தங்கையிடம் சொல்லிவிடுகிறேன் மாப்ள என்று ஆரம்பித்தேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"வுடுங்க மச்சான். ஒங்க தங்கச்சிக்கு என்னப் புடிக்காம போச்சு. ஒங்களயும் புடிக்காம போச்சுன்னா அது யார்கிட்ட போவும்?"

இதை நான் அனுமதியாக எடுத்துக்கொண்டேன். அவர் அனுமதி கொடுக்கவில்லை என்று இப்போது புரிகிறது. ஒரு தடவையாவது நான் அவர் பேச்சை மீறிப் போய்ச் சொல்வேனா என்று பார்த்திருக்கலாம். நான் டீக்குக் காசு கொடுத்துவிட்டு கோர்ட்டுக்குப் போனேன். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அவர் இறந்துபோனார். லாரி ஷெட்டில் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

நான் ஓய்வு பெற்றேன். அப்பா போனார், என் மனைவி போனாள். எனக்கும் நெஞ்சில் ஒரு வலி வந்து டாக்டர்கள் பயமுறுத்திய பிறகு, போன வருஷம் விழுப்புரத்துக்குப் போய்த் தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காகிதத்தை, ஓட்டையை, வேப்பமரத்தடியை, அவர் பார்த்த பார்வையை, நான் தரையைப் பார்த்ததை. ஒன்றையும் குறைக்காமல் சொன்னேன். அவள் திட்டுவாள், அழுவாள், பிறகு என் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்துக்கொண்டு போனேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் முடிக்கும் வரை நிறுத்தவில்லை. முடித்த பிறகு தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அவரு சோத்துல கை வைக்கும்போதெல்லாம் சொல்லுவேண்ணே. எங்கப்பா சொன்னது சரியாப் போச்சு, எண்ண மாத்தறதுக்குக்கூட நாணயம் இல்லாத ஆளுன்னு. தெனமும் இல்ல. ஆனா சொல்லுவேன். அவரு ஒன்னும் சொல்ல மாட்டாரு. தலயக் குனிஞ்சிக்கினு சாப்டுவாரு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"அவரு போன அன்னிக்குக் காத்தாலயும் சொன்னேன். டிபன் பாக்ஸ் கட்டிக் குடுக்கும்போது."

தெருவில் யாரோ குடிநீர்க் குழாய்க்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"நீ எறக்கி வெச்சிட்ட. நா யார்கிட்ட போய் எறக்கி வெக்கறது?"

வழக்கமாக அவள் என்னோடு தெருமுனை வரை வந்து பஸ் ஏற்றிவிடுவாள். அன்று வரவில்லை.

இந்த வருஷம் திண்டிவனத்தில் என் பேரனுக்குக் கல்யாணம். அவள் வருவாளோ மாட்டாளோ என்றிருந்தேன். வந்தாள். மொய் எழுதினாள், பெண்ணுக்கும் பையனுக்கும் விபூதி பூசினாள். முதல் பந்திக்கு எல்லோரையும் கூப்பிட்டார்கள். நான் அவளுக்கு என் பக்கத்தில் இடம் பிடித்து வைத்தேன். அவளைக் காணவில்லை. பந்தி முடிந்தது. அடுத்தடுத்த பந்திகளும் முடிந்தன. வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாளாம், யார் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லையாம்.

கடைசிப் பந்தியில் அவளைப் பார்த்தேன். வேன் டிரைவர்களுக்கும் பாத்திரம் கழுவுகிறவர்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். சோறு கொஞ்சம் குழைந்துவிட்டிருந்தது, பாயசம் தீர்ந்துவிட்டது. பக்கத்தில் ஒரு டிரைவர் அவளுக்கு ரசத்தைக் காட்டி, நல்லாக்கீதும்மா ஊத்திக்க என்றார். அவள் ஊற்றிக்கொண்டாள். அவளுக்கு இந்தப் பக்கம் ஓர் இலை காலியாக இருந்தது. நான் போய் அந்த இலைக்கு முன்னால் நின்றேன். உட்காரலாமா என்று அவளைப் பார்த்தேன்.

"நீ போண்ணே" என்றாள். "ஒனக்குத்தான் மொத பந்தியிலயே எல போட்டுட்டாங்களே."